மொரீசியசில் கரும்பு வெட்டியவர்கள், மலையகத்தில் கொழுந்து பறித்தவர்கள்: ஒரு நாடு ஏன் வளர்கிறது, இன்னொன்று ஏன் தேங்குகிறது?

கொட்டகலை ஆசிரியர்

1960இல் தென்கொரியாவின் தலா வருமானமும் இலங்கையின் தலா வருமானமும் 150 டொலரை ஒட்டியே இருந்தன. இன்று அவர்கள் 33,000 டொலரைத் தாண்டிவிட்டார்கள். நாம் 4,000 டொலர் அளவில் நிற்கிறோம். உயர்தரப் பொருளியல் வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் ஊழல் என்கிறார்கள், யுத்தம் என்கிறார்கள், அரசியல்வாதிகள் என்கிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் 1953இல் போர் ஓய்ந்தபோது கொரியாவில் இடிந்து விழாத நகரங்கள் குறைவு. ஊழலுக்கும் அங்கே பஞ்சமிருக்கவில்லை. ஆகவே பதில் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

முதலில் வளர்ச்சியின் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 2 வீதம் வளரும் நாட்டின் வருமானம் இரட்டிப்பாக 35 ஆண்டுகள் ஆகும். 7 வீதம் வளர்ந்தால் 10 ஆண்டுகள் போதும். ஒரு தலைமுறைக்குள் ஒரு நாடு எட்டு மடங்காகிறது, இன்னொன்று இரண்டு மடங்கைக்கூடத் தொடுவதில்லை. சில வீத வித்தியாசம் அறுபது ஆண்டுகளில் இரண்டு வேறு உலகங்களை உருவாக்கிவிடுகிறது.

கொரியாவைவிட நமக்கு நெருக்கமான ஒப்பீடு மொரீசியஸ். 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் அங்கே கரும்பு வெட்டினார்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, இலங்கையின் மலையகத்துக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒற்றைப் பயிர், வெள்ளைக்காரத் துரைமார், வரிசை வீடுகள், கடன். 1961இல் ஜேம்ஸ் மீட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர், பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர், மொரீசியசின் எதிர்காலத்தைப் பற்றி மிகவும் இருண்ட அறிக்கையொன்றைத் தந்தார். மக்கள்தொகை பெருகுகிறது, கரும்பைத் தவிர வேறு பிழைப்பு இல்லை என்பது அவருடைய கவலை. இன்று அந்தத் தீவின் தலா வருமானம் நம்முடையதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

1959இல் அங்கே சர்வசன வாக்குரிமையோடு தேர்தல் நடந்தபோது கரும்புத் தோட்டத் தொழிலாளிக்கும் வாக்கு இருந்தது. 1968இல் சுதந்திரம் கிடைத்தபோது பிரதமராக இருந்த சிவசாகர் ராம்கூலம், பீகாரிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் மகன். இங்கே 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த தேர்தல் சட்டமும் நம் மக்களின் வாக்கைப் பறித்தன. 1977இல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா – மஸ்கெலியாத் தொகுதியில் வெல்லும்வரை, கால் நூற்றாண்டுக்கு, நாங்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் பாராளுமன்றத்தில் இருக்கவில்லை. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரில் பெரும்பாலோரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பங்கு போட்டது.

என் கருத்து இதுதான். உழைப்பை மலிவாகவே வைத்திருக்க முடிகிற இடத்தில், அந்த உழைப்பின் பலனைப் பெருக்க வேண்டிய தேவை முதலாளிக்கும் எழாது, அரசுக்கும் எழாது. நாட்டின் முதன்மையான ஏற்றுமதித் துறையையே வாக்கில்லாத, காணியில்லாத, வேறு வேலைக்குப் போக வழியில்லாத மக்களின் மேல் நிறுத்திய இலங்கை, தான் தேங்குவதற்கான வழியைத் தானே அமைத்துக்கொண்டது. இந்த மன்றத்து உறுப்பினர்கள் மறுக்கலாம், ஆதாரத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

நாவலப்பிட்டி கணக்காளர்

சேர், மலையகத்துக்கு நடந்த அநீதியை நான் மறுக்கவில்லை. என் தாத்தாவும் அந்த ஒப்பந்தத்தில் கப்பலேறவிருந்தவர்தான். ஆனால் நீங்கள் மலையகத்தை நடுவில் வைத்து முழு நாட்டையும் பார்க்கிறீர்கள். 2023இல் தேயிலை ஏற்றுமதி தந்தது ஏறத்தாழ 130 கோடி டொலர். வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பியது 600 கோடி டொலர் அளவு. தேயிலை வளராததால் நாடு வளரவில்லை என்ற விளக்கம் 1960க்குப் பொருந்தலாம், 2022க்குப் பொருந்தாது.

நாட்டின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். 2000ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி நம் மொத்த உற்பத்தியில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இருந்தது. பத்து ஆண்டுகளில் அது ஐந்திலொரு பங்கை ஒட்டி இறங்கிவிட்டது. அந்த இடத்தை நிரப்பியது கடன் வாங்கிக் கட்டிய வீதிகளும் கட்டடங்களும். இறக்குமதிக்கு மேல் செஸ் என்ற மேல்வரி, துறைமுக வரி என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டதால் உள்ளூரில் விற்பவனுக்கே இலாபம், வெளியே விற்பவனுக்குச் சிரமம். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள். 2021இல் அரசின் மொத்த வருமானம் நாட்டு உற்பத்தியில் 8 வீதத்தை ஒட்டி வந்து நின்றது. உலகிலேயே மிகக் குறைந்த வீதங்களில் ஒன்று அது. அதே ஆண்டில் இரசாயனப் பசளையைத் தடை செய்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது.

இதற்கு முன்பும் வாய்ப்புகள் வந்து போயின. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு 1978இல் கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் வந்தது. ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. மின்னணு நிறுவனங்களும் வர ஆயத்தமாகின. 1983 ஜூலைக்குப் பிறகு அவை வேறு நாடு தேடின. மலேசியாவின் பினாங்கில் 1972இலேயே இன்டெல் கால் வைத்துவிட்டது. நாம் இழந்தது அந்தப் பாதையை.

பேராதனை மாணவி

இரண்டு பதிவுகளையும் வாசித்தேன். 2024இல் பொருளியலுக்கான நோபல் பரிசு டாரன் அசெமொக்லு, சைமன் ஜோன்சன், ஜேம்ஸ் ரொபின்சன் மூவருக்கும் கிடைத்தது. ஒரு நாட்டின் சட்டங்களும் அதிகார அமைப்பும் பெரும்பாலோரின் உழைப்பையும் முயற்சியையும் வரவேற்கின்றனவா, அல்லது சிலர் எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்ள வழிசெய்கின்றனவா என்பதே நீண்டகால வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது என்பது அவர்களின் ஆய்வின் சாரம். குடியேற்ற ஆட்சி எந்த நாட்டில் எந்த வகை அமைப்பை விட்டுச் சென்றது என்பதை அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள். ஆசிரியர் சொல்வது இதோடு நன்றாகப் பொருந்துகிறது. நம் ரயில்பாதையே சாட்சி: 1867இல் கண்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. மலையிலிருந்து துறைமுகத்துக்குப் பொருளை இறக்கப் போட்ட பாதை அது. நம் ஊர்களை ஒன்றோடொன்று இணைக்க யாரும் பாதை போடவில்லை.

பொட்ஸ்வானாவையும் சேர்த்துப் பார்க்கலாம். 1966இல் சுதந்திரம் பெற்றபோது மிக வறிய நாடு. அடுத்த ஆண்டே வைரம் கிடைத்தது. வைரமும் எண்ணெயும் கிடைத்த எத்தனையோ நாடுகள் அதனாலேயே சீரழிந்தன. பொட்ஸ்வானா அந்தப் பணத்தைப் பாடசாலைக்கும் வீதிக்கும் செலவிட்டு, தேர்தலையும் விடாமல் நடத்தி, பல பத்தாண்டுகள் உலகின் வேகமான வளர்ச்சிகளில் ஒன்றைக் கண்டது.

ஆனால் எனக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது, சேர். தென்கொரியா வேகமாக வளர்ந்தது பார்க் சுங் ஹீயின் இராணுவ ஆட்சியில். வியட்நாமில் இன்றும் ஒரே கட்சி. வாக்குரிமைதான் காரணம் என்றால் இவை எப்படி வளர்ந்தன? சுதந்திரத்துக்கு முன்பே, 1931இலேயே, சர்வசன வாக்குரிமை பெற்ற இலங்கை ஏன் பின்தங்கியது?

ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்

தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே உத்தியோகம் பார்த்து, மூன்று நிர்வாகங்களைக் கண்டவன் நான். பிரித்தானியரின் ஸ்டேர்லிங் கம்பனிகளின் காலம், 1975இல் அரசு எடுத்த பிறகு வந்த கூட்டுத்தாபனங்களின் காலம், 1992க்குப் பிந்திய கம்பனிகளின் காலம். மூன்றிலும் மாறாதது ஒன்று உண்டு. தேயிலைத் தூருக்கு, அதாவது செடிக்கு, நாளை என்று ஒன்று இருப்பதாக எவரும் நினைக்கவில்லை.

கம்பனிகளுக்குக் காணி கொடுக்கப்பட்டது 53 ஆண்டுக் குத்தகைக்கு. 2045இல் அது முடிகிறது. பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி, மண்ணை ஆறப்போட்டு, புதிய கன்று நட்டு, அது முழுப் பலன் தந்து செலவை மீட்க இருபது ஆண்டுகள் வேண்டும். குத்தகை முடிய இருபது ஆண்டுகள் இருக்கும்போது எந்தக் கம்பனி அந்தப் பணத்தை மண்ணில் போடும்? நம் மலைகளில் என் தந்தையின் காலத்துக்கும் முந்திய தூர்கள் இன்னும் நிற்கின்றன. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. நல்ல கன்று வகைகள் அங்கிருந்தே வந்தன. அவற்றை அதிகமாக நட்டுப் பலன் கண்டவர்கள் கீழ்நாட்டுச் சிறுதோட்டக்காரர்கள். இன்று நாட்டின் தேயிலையில் முக்கால் பங்கை ஒட்டித் தருவது அவர்கள்தான், பெருந்தோட்டங்கள் இல்லை.

சம்பளத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், யாரும் கோபிக்க வேண்டாம். ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்குவரை கூலிக்கே போகிறது. விலையைத் தீர்மானிப்பது கொழும்பு ஏலம். துரையின் கையிலும் அது இல்லை, கணக்கப்பிள்ளையின் கையிலும் இல்லை. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படை 1,350 ஆனது. சம்பளம் கூடியபோதெல்லாம் கொழுந்து அளவைக் கூட்டு, இல்லையென்றால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) என்ற உத்தரவுதான் மேலிருந்து வந்தது. அதே மலை, அதே தூர், அதே கூடை. கொழுந்து மட்டும் எங்கிருந்து கூடும்?

மஸ்கெலியா மகள்

ஐயா சொன்ன அரைப்பேருக்குள் என் அம்மாவின் முதுகு இருக்கிறது.

கணக்காளர் அண்ணன், தேயிலை நாட்டு வருமானத்தில் சிறு பங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆனால் இந்தத் துறை உருவாக்கிய மனிதர்கள் சிறு பங்கு அல்லர். 2016இன் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம், தோட்டங்களில் 32 வீதத்தை ஒட்டி. 2019இன் கணக்கில் வறுமை நாட்டில் 14 வீதம், தோட்டத்தில் 34 வீதத்தை ஒட்டி. இரண்டு வயதுக்குள் போதிய உணவு கிடைக்காத பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை பிறகு கணிதம் படித்து, பொறியியலாளராகி, நாட்டின் உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி?

இலவசக் கல்வியைப் பற்றி நாடே பெருமைப்படுகிறது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் திட்டம் 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே விடப்பட்டன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் தாமதம். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிவு. என் அம்மா அந்த அறையில் படித்தவர். நான் படித்த பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இருக்கவில்லை. கணிதத்தில் நல்ல புள்ளி எடுத்த என் தோழிகள் கலைப்பிரிவுக்குப் போனார்கள், பிறகு கொழும்பில் கடைகளுக்குப் போனார்கள்.

நாடுகள் ஏன் வளர்கின்றன என்று இங்கே கேட்கிறீர்கள். தன் பிள்ளைகளில் ஒரு பகுதியைத் தேவையில்லை என்று ஒதுக்கிவைக்காத நாடு வளர்கிறது என்று நான் நம்புகிறேன். இதை உணர்ச்சியால் எழுதவில்லை, மனிதவளக் கணக்கு என்றே எழுதுகிறேன்.

அக்கரபத்தனையான் (இப்போது அன்சான், தென்கொரியா)

கொரியாவைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள், இங்கிருந்து எழுதுவது என் கடமை. கொரிய மொழிப் பரீட்சை எழுதி, தொழிலாளர் அனுமதி முறையில் வந்தவன். பிளாஸ்டிக் உதிரிப்பாகம் வார்க்கும் சிறிய ஆலையில் வேலை.

நான் வந்தபோது வார்த்த பொருளை அச்சிலிருந்து கையால் எடுத்து அடுக்கினோம். பிறகு முதலாளி இயந்திரக் கை ஒன்றைப் பொருத்தினார். காரணத்தை அவரே சொன்னார்: குறைந்தபட்சக் கூலி ஆண்டுதோறும் கூடுகிறது. 2025இல் அது மணிக்கு 10,030 வொன். கொரியனுக்கும் எனக்கும் சட்டப்படி அதே கூலி. கூலியைக் குறைக்க அவருக்கு வழியில்லை, ஆகவே ஒரு மணிநேர உழைப்பில் வரும் பொருளைக் கூட்ட வழி தேடினார். இப்போது முன்பு இருவர் செய்ததை நான் ஒருவனாகப் பார்த்துக்கொள்கிறேன், அச்சு மாற்றவும் பழகிவிட்டேன். தோட்டத்தில் சம்பளம் கூடினால் கங்காணி இன்னும் இரண்டு கிலோ கேட்பார். ஆசிரியர் சொன்னதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

பேராதனைத் தங்கைக்கு: இராணுவ ஆட்சியில்தான் வளர்ந்தார்கள் என்பது பாதிக் கதை. இங்குள்ள முதியவர்கள் அதற்கும் முந்திய நிலச்சீர்திருத்தத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். 1950இல் நிலப்பிரபுக்களின் காணியை அரசு வாங்கிக் குத்தகை விவசாயிகளுக்குக் கொடுத்தது. ஒருவருக்கு மூன்று ஹெக்டேயர் அளவுதான் உச்சவரம்பு. காணி கிடைத்தவன் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பினான். 1960களில் பொய்முடியும் ஒட்டுப்பலகையும் ஏற்றுமதி செய்தார்கள். அரசு மலிவுக் கடன் கொடுத்தது, ஆனால் ஏற்றுமதி இலக்கை எட்டியவனுக்கே அடுத்த கடன். இலக்கைத் தவறவிட்டவனை அமைச்சரின் சொந்தக்காரன் என்பதற்காகத் தூக்கிப் பிடிக்கவில்லை. எல்லா வேளையிலும் அப்படி நடந்தது என்று சொல்லமாட்டேன், பெரும்பாலும் நடந்தது.

இன்னொன்று. 1963 முதல் கொரியர்களும் சுரங்கத் தொழிலாளர்களாகவும் தாதிகளாகவும் மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள், இன்று நாங்கள் இங்கே வருவதைப் போல. அவர்கள் அனுப்பிய பணம் இறங்கிய நாட்டில் ஆலைகள் எழுந்துகொண்டிருந்தன. நான் அனுப்பும் பணத்தில் தம்பி முச்சக்கரவண்டி வாங்கினான், அம்மா லயத்து வரிசை வீட்டின் கூரையை மாற்றினார். அவசியமான செலவுகள்தான். ஆனால் தம்பிக்கு வேலை தரும் ஆலை ஒன்று நம் பக்கம் வரவில்லை.

பசறை பஸ்காரர்

சிங்கப்பூரைப் பற்றி யாரும் பேசவில்லையே? லீ குவான் யூ மாதிரி ஒருவர் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

நாவலப்பிட்டி கணக்காளர்

அண்ணன், சிங்கப்பூர் ஒரு துறைமுக நகரம். வயலும் இல்லை, தோட்டமும் இல்லை, பின்தங்கிய மாகாணமும் இல்லை. அதை வைத்து நாம் கற்கக்கூடியது குறைவு. நல்ல தலைவர் வந்தால் போதும் என்று காத்திருந்தே நாம் மூன்று தலைமுறைகளைச் செலவழித்துவிட்டோம்.

அக்கரபத்தனைத் தம்பியின் இயந்திரக் கை என்னை யோசிக்க வைக்கிறது. அதோடு ஒரு கணக்கையும் சேர்க்கிறேன். நம் நாட்டில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் விவசாயத்தில் இருக்கிறார், நாட்டின் உற்பத்தியில் அத்துறையின் பங்கு 8 வீதத்தை ஒட்டித்தான். கொரியாவில் 1960களின் தொடக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் வயலில் இருந்தார்கள், இன்று நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. கொழுந்தை இன்னும் வேகமாகப் பறிப்பதால் எந்த நாடும் பணக்கார நாடாகிவிடாது. கென்யாவைப் பாருங்கள். சிறுவிவசாயிகளே பங்குதாரர்களாக உள்ள தேயிலை ஆலைகள், நல்ல விளைச்சல், எல்லாம் இருந்தும் தலா வருமானம் நம்மைவிடக் குறைவு. வளர்ச்சி என்பது மக்கள் குறைந்த பலன் தரும் வேலையிலிருந்து கூடிய பலன் தரும் வேலைக்கு நகர்வது. அந்த வேலை உருவாகாவிட்டால், காணி கொடுத்தாலும் வாக்குக் கொடுத்தாலும் நகர இடமில்லை. மொரீசியசுக்கும் 1975இல் லோமே உடன்படிக்கையில் ஐரோப்பாவிடமிருந்து உலகச் சந்தையைவிட நல்ல சீனி விலை கிடைத்தது. அந்த அதிர்ஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், சேர்.

கொட்டகலை ஆசிரியர்

நல்ல விவாதம். ஒவ்வொன்றாக வருகிறேன்.

பேராதனை மாணவியின் தடை நியாயமானது. வாக்குரிமை மட்டும்தான் காரணம் என்று நான் வாதிடவில்லை. உழைப்பவனைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாத நிலை ஒன்று உருவாக வேண்டும். மொரீசியசில் அதை வாக்கு உருவாக்கியது. கொரியாவில் காணியும் பாடசாலையும் வடக்கே நின்ற எதிரியைப் பற்றிய அச்சமும் உருவாக்கின. வியட்நாமில் 1986க்குப் பிறகு கூட்டுப்பண்ணைகளைக் கைவிட்டு விவசாயக் குடும்பத்திடம் வயலை ஒப்படைத்தார்கள். அரிசி இறக்குமதி செய்த நாடு 1989இல் ஏற்றுமதி நாடாகிவிட்டது. ஆலைகள் அதற்குப் பிறகுதான் வந்தன.

1931 பற்றிய கேள்விக்கும் இதே இடத்தில் பதில் இருக்கிறது. வாக்கிருந்த கிராமத்துக்கு அரசு இலவச அரிசி கொடுத்தது, வைத்தியசாலை கொடுத்தது, பாடசாலை கொடுத்தது. ஆயுட்காலம் உயர்ந்தது, பெண்கள் படித்தார்கள். பெரிய சாதனைகள் இவை. ஆனால் அந்தச் செலவுக்கான வெளிநாட்டுப் பணத்தின் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? வாக்கில்லாதவர்களின் மலையிலிருந்து. தேயிலைப் பணம் வந்துகொண்டிருந்தவரை புதிய ஏற்றுமதியைத் தேட அரசை எதுவும் நெருக்கவில்லை. தேயிலை விலை சரிந்தபோது கையில் மாற்று இருக்கவில்லை. கணக்காளர் தம்பி சொல்லும் ஏற்றுமதிப் பலவீனத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். கேட்க ஆளில்லாத ஒரு வருமானத்தில் பழகிய நாடு, பிறகு கடனிலும் அப்படியே பழகியது.

நிலச்சீர்திருத்தம் இங்கும் நடந்தது, 1972இலும் 1975இலும். கொரியாவில் உழுதவனுக்குக் காணி போனது. இங்கே பறித்தவளுக்கு எதுவும் போகவில்லை, கூட்டுத்தாபனத்துக்குப் போனது. சில தோட்டங்களில் தொழிலாளரை வெளியேற்றினார்கள். 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களின் கதை நம் ஒவ்வொருவர் உறவிலும் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் விளைவு நேரெதிர்.

மொரீசியசில் பெருந்தோட்டங்களை யாரும் பறிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு வம்சாவளி முதலாளிகள் அப்படியே இருந்தார்கள். ஆனால் 1880களிலிருந்தே, சீனி விலை சரிந்தபோது, அவர்கள் ஓரக் காணிகளைத் துண்டு துண்டாக விற்றார்கள். ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் சேமிப்பில் அவற்றை வாங்கிச் சிறு கரும்பு விவசாயிகளானார்கள். காணி வாங்கியவன் பிள்ளையைப் படிக்க வைத்தான், அந்தப் பிள்ளை தேர்தலில் நின்றான். சுதந்திரத்துக்குப் பிறகு சீனி ஏற்றுமதிக்கு வரி போட்டு அந்தப் பணத்தைப் பாடசாலைக்கும் வைத்தியத்துக்கும் செலவிட்டார்கள். 1970இல் ஏற்றுமதி உற்பத்தி வலயச் சட்டம் வந்தபோது, கரும்பு முதலாளிகளே இலாபத்தை ஆடை ஆலைகளில் போட்டார்கள். லோமே விலை அதிர்ஷ்டம்தான். நமக்கும் 1950களின் தொடக்கத்தில் கொரியப் போரால் இறப்பர் விலை ஏறிய அதிர்ஷ்டம் கிடைத்தது. கிடைத்த பணம் என்ன ஆனது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

பேராதனை மாணவி

இதை ஏற்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. நீங்கள் சொல்லும் நெருக்குதல் தொழிலாளரிடமிருந்து மட்டும் வருவதில்லை, சந்தையிலிருந்தும் வர வேண்டும். அக்கரபத்தனை அண்ணனின் முதலாளி கூலி கூடியதால் மட்டும் இயந்திரம் வாங்கவில்லை. போட்டியில் விலையைக் கூட்டவும் அவரால் முடியாது. இரண்டு பக்கமும் அடைபட்டதால் நடுவில் திறமை பிறக்கிறது. நம் உள்ளூர் உற்பத்தியாளர் பலருக்கு ஒரு பக்கம் எப்போதும் திறந்தே இருக்கிறது: அமைச்சரைப் பார்த்து இறக்குமதி வரியைக் கூட்டிக்கொள்ளலாம். இந்த இடத்தில் கணக்காளர் அண்ணனும் ஆசிரியரும் ஒரே பிரச்சினையின் இரு பக்கங்களைப் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர்

மொரீசியசின் துண்டுக் காணிக் கதை எனக்குப் புதிது. நன்றி, சேர். அப்படியானால் இப்போது சில கம்பனிகள் கொண்டுவரும் வருமானப் பகிர்வு முறையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு தேயிலை என்று மலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். பராமரிப்பும் பறிப்பும் குடும்பத்தின் பொறுப்பு. கொழுந்து தொழிற்சாலைக்குப் போகும், கிலோவுக்கு விலை கிடைக்கும். நானறிந்த இடங்களில் தூர் தழைக்கிறது. சொந்தம் என்ற நினைப்பு வந்தால் கை வேறு மாதிரி வேலை செய்கிறது.

மஸ்கெலியா மகள்

ஐயா, என் அம்மாவுக்கும் அப்படி ஒரு துண்டு கிடைத்தது. தூர் தழைத்தது உண்மை. விடுமுறை நாளிலும் அங்கேதான் நின்றார். ஆனால் அந்தக் காணி அம்மாவின் பெயரில் இல்லை. கம்பனியே குத்தகைக்காரன், அம்மா குத்தகைக்காரனிடம் வாய்வார்த்தையில் வாங்கியவர். ஊழியர் சேமலாப நிதி இந்த முறையில் என்ன ஆகும் என்று கேட்டபோது கங்காணிக்கும் தெரியவில்லை, அலுவலகத்திலும் தெளிவாகச் சொல்லவில்லை. மழை பிழைத்தால் நட்டம் அம்மாவுக்கு, ஏலத்தில் விலை ஏறினால் இலாபம் யாருக்கு என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. உறுதிப்பத்திரம் இல்லாத காணியை வைத்து வங்கியில் கடனும் வாங்க முடியாது. கொரிய விவசாயிக்கும் மொரீசியஸ் விவசாயிக்கும் கிடைத்தது இதுவல்ல.

நாவலப்பிட்டி கணக்காளர்

தங்கச்சி கேட்டது சரியான கேள்வி. இந்த முறையில் சேர்ந்த குடும்பங்கள் கையெழுத்திட்ட தாள் எதுவாக இருந்தாலும், பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மறைத்து இங்கே பதிவிடுங்கள். விலைக் கணக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது, பசளைச் செலவு யார் தலையில், சேமலாப நிதி தொடருமா, எத்தனை ஆண்டுக்கு, பிள்ளைக்கு மாற்றலாமா என்று வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன். 2045 இன்னும் இருபது ஆண்டில் வருகிறது. கம்பனிகளின் குத்தகையைப் புதுப்பிக்கும் பேச்சு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அந்த மேசையில் வைக்க நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும்.

அக்கரபத்தனையான்

அம்மாவிடம் ஒரு தாள் இருக்கிறது, அண்ணன். தம்பியிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். சிங்களத்தில் இருக்கிறது, வாசித்துச் சொல்ல யாராவது உதவுங்கள்.

பேராதனை மாணவி

அனுப்புங்கள் அண்ணன், நான் தமிழில் எழுதித் தருகிறேன்.